புல்லைத் தின்னாத புலியால் புல்லுக்கு என்ன நன்மை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். மேற்கே நிமிர்ந்து பார்த்தால் பொதிகை மலை. அந்த மலைக்காடுதான் களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். பள்ளிக்கூடங்களிலும் விவசாயிகள் கூட்டங்களிலும் காட்டைப் பற்றிப் பேசப் போவதுண்டு. போகிற இடமெல்லாம் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. நேரமில்லாமல் பாதியில் விட்ட பதில்களையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

நான் காட்டுப் பக்கமே போவதில்லை. புலி இருந்தால் எனக்கென்ன, இல்லாவிட்டால் எனக்கென்ன?

இன்று காலையில் குழாயைத் திறந்தீர்கள் அல்லவா? திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ இருந்தால் அதில் வந்தது பெரும்பாலும் தாமிரபரணித் தண்ணீர். தாமிரபரணி பிறப்பது பொதிகையில். அதில் வந்து சேரும் காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, பச்சையாறு, கடனாநதி எல்லாம் அதே மலைத்தொடரில் இறங்கி வருபவை. அந்தக் காடு 1988இல் புலிகள் காப்பகமானது. தமிழ்நாட்டில் அதுதான் முதலாவது.

மற்ற ஊர்க்காரர்களும் தங்கள் ஆற்றின் வழியே மேலே ஏறிப் பாருங்கள். வைகை பிறக்கும் மேகமலை, வருசநாட்டு மலைகள் 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகத்தைச் சேர்ந்தவை. முதுமலையை ஒட்டி ஓடி, சத்தியமங்கலம் காட்டுக்குள் புகுந்து, பவானிசாகரில் பவானியோடு கலக்கிறது மாயாறு. ஈரோட்டுப் பக்கத்து நெல்லும் மஞ்சளும் அந்த அணையை நம்பியவை. ஆழியாறு, அமராவதி அணைகளுக்கு வரும் தண்ணீர் ஆனைமலைக் காட்டுத் தண்ணீர். தமிழ்நாட்டில் இருப்பது ஐந்து புலிகள் காப்பகங்கள். அந்த ஐந்தும் ஆறுகளின் தலைமாட்டில் இருக்கின்றன.

தண்ணீரைப் புலியா கொண்டுவருகிறது? மழையும் மரமும்தானே?

நல்ல கேள்வி. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல்முறை இதைக் கேட்டபோது எனக்கே தடுமாறியது. மழையைப் பிடித்து வைப்பது காடுதான். மலை உச்சியில் சோலைக்காடும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்து, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைகளுக்கு விடுகின்றன. புலி அதில் ஒரு சொட்டையும் சேர்ப்பதில்லை.

ஆனால் அந்தக் காட்டை நிற்க வைப்பதில் புலிக்குப் பங்கு இருக்கிறது. அது இரண்டு வழியில் நடக்கிறது. இரண்டையும் கலந்து பேசுவதால்தான் குழப்பம் வருகிறது.

முதல் வழி சட்டம். ஒரு காடு புலிகள் காப்பகமாகிவிட்டால், அதற்குள் சாலை போடவும் சுரங்கம் தோண்டவும் அணை கட்டவும் தேசிய வனவிலங்கு வாரியம் வரை போய் அனுமதி வாங்க வேண்டும். 2006இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது இந்தக் கட்டு இன்னும் இறுகியது. தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகத்துக்காக மலையைக் குடைவதாக இருந்தார்கள். அந்தத் திட்டம் வேண்டாம் என்று 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது, முன்வைத்த காரணங்களில் ஒன்று அந்த மலை புலிகள் நடமாடும் வழித்தடம் என்பது. அங்கே வாழும் தவளைக்காகவோ ஓடைக்காகவோ மட்டும் வாதாடியிருந்தால் இவ்வளவு வலு கிடைத்திருக்குமா? கிடைத்திருக்காது என்றே நினைக்கிறேன். தவளையும் ஓடையும் புலியின் பெயரில் பிழைத்துக்கொள்கின்றன.

இரண்டாவது வழி, காட்டுக்குள்ளே புலி செய்கிற வேலை. அதற்குத் தனிப் பதில் வேண்டும்.

“புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது” என்பார்கள். அப்புறம் செடிகொடிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

புல்லைத் தின்பவற்றைத் தின்கிறது. சம்பந்தம் அதுதான்.

வளர்ந்த புலி ஒன்று ஏறக்குறைய வாரத்துக்கு ஓர் இரையை அடிக்கும். வருடத்துக்கு ஐம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். புள்ளிமான், காட்டுப்பன்றி, காட்டுமாடு, அப்புறம் எங்கள் பக்கத்தில் மிளா என்று சொல்கிற கடமான் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் புலி ஆய்வாளர் உல்லாஸ் காரந்த் போன்றவர்கள் பல ஆண்டுகள் உட்கார்ந்து கணக்கெடுத்துச் சொன்னது இது: ஒரு புலி நிலைத்து வாழ அதன் எல்லைக்குள் சுமார் 500 இரை விலங்குகள் வேண்டும். அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் அது வருடத்துக்கு எடுத்துக்கொள்கிறது.

எண்ணிக்கை ஒரு பக்கம். பயம் இன்னொரு பக்கம். எனக்கு இதுதான் சுவாரசியமான பகுதி. முதுமலை தெப்பக்காட்டுக்கு மாலையில் போனால் நீங்களே பார்க்கலாம். இருட்டத் தொடங்கியதும் புள்ளிமான் கூட்டம் ஒன்று காட்டிலிருந்து வெளியே வந்து, வனத்துறைக் குடியிருப்புகளைச் சுற்றியுள்ள வெட்டவெளியில் படுத்துக்கொள்ளும். மனிதர்களும் விளக்கு வெளிச்சமும் இருக்கிற இடத்துக்குப் புலி சட்டென்று வராது என்பது அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தத் தரையைக் குனிந்து பாருங்கள். புல் ஒட்ட மழித்த மாதிரி இருக்கும். புதிதாக முளைக்கிற கன்று ஒன்றையும் லேசில் காண முடியாது. சும்மா கிடக்கும் நிலம்தான், ஆனால் மானுக்கு அங்கே பயமில்லை. முளைப்பதையெல்லாம் நின்று நிதானமாக மேய்ந்துவிடுகிறது.

உள்காட்டில் மானுக்கு அந்த நிதானம் வாய்க்காது. நாலு வாய் கடிக்கும், தலையைத் தூக்கிப் பார்க்கும், நகரும். புதர் அடர்ந்த ஓடைக்கரையில் அதிக நேரம் நிற்காது. கடித்த செடி மறுபடி துளிர்க்க அவகாசம் கிடைக்கிறது. ஒரு மானுக்கு நாலு நிமிடம் என்பது சின்ன விஷயம். காடு முழுக்க எல்லா மானுக்கும் எல்லா நாளும் என்று பெருக்கிப் பாருங்கள், கணக்கு வேறாகிவிடும்.

அமெரிக்காவில் ஓநாய்கள் ஆற்றையே மாற்றிவிட்டதாகக் காணொளி பார்த்தேன். புலியும் அப்படியா?

அந்தக் காணொளியை எனக்கும் நிறைய பேர் அனுப்பியிருக்கிறார்கள். யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1995இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, ஆற்றோரத்து வில்லோ செடிகள் சில இடங்களில் எழுந்தன. இது உண்மை. ஆனால் எல்லாமே ஓநாய் ஒன்றால்தான் நடந்தது என்பதை ஆய்வாளர்களே ஒப்புக்கொள்வதில்லை. கரடி, வேட்டை, வறட்சி, ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கின் வரவுபோக்கு என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன.

நம் காடு அதைவிடச் சிக்கலானது. இங்கே புலியோடு சிறுத்தையும் செந்நாயும் வேட்டையாடுகின்றன. இலைதழையைத் தின்ன யானையும் இருக்கிறது. அதைப் புலியால் கட்டுப்படுத்த முடியாது. எனவே “புலி வந்தது, ஆறு திரும்பியது” என்று நான் மேடையில் சொல்வதில்லை. புலியைக் காப்பாற்ற மிகைப்படுத்தல் தேவையில்லை, உள்ளதைச் சொன்னாலே போதும்.

சிறுத்தையும் செந்நாயும் இருக்கும்போது புலி எதற்கு?

காட்டுமாட்டை நேரில் பார்த்திருக்கிறீர்களா? நன்றாக வளர்ந்த கடா ஒன்று ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். சிறுத்தை அதன் பக்கம் போகாது. செந்நாய்க் கூட்டம் கன்றுக்குக் குறி வைக்கலாம், வளர்ந்ததைச் சாய்ப்பது அபூர்வம். நம் காடுகளில் வளர்ந்த காட்டுமாட்டை அடிக்கிற துணிச்சலும் பலமும் புலிக்குத்தான்.

அப்படியானால் புலி பெருகினால் மானெல்லாம் தீர்ந்துவிடாதா?

தீராது. இரை குறைந்தால் புலிதான் முதலில் குறையும். குட்டி பிழைக்காது, இளம் புலி வேறு எல்லை தேடிப் போய்விடும். போதாததற்கு, புலியின் பாய்ச்சலில் பெரும்பாலானவை வீணாகத்தான் போகின்றன. மானைத் தீர்ப்பது கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியும்.

புலி அடித்ததைப் புலி மட்டும்தானே தின்கிறது?

இல்லவே இல்லை. ஒரு கடமானை அடித்தால் புலி வழக்கமாகப் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும். வயிறு நிறைந்ததும் உடலைப் புதருக்குள் இழுத்துப் போட்டு, இலைச்சருகை மேலே தள்ளி மூடிவிட்டுத் தண்ணீர் தேடிப் போகும். மூன்று நாலு நாள் வந்து வந்து தின்னும். அந்த இடைவெளியில் காட்டுப்பன்றி வரும், நரி வரும், கீரி வரும். ஈ முட்டையிடும், புழு பிடிக்கும், புழுவைத் தின்னப் பறவை வரும். கடைசியில் கிடக்கிற எலும்பை முள்ளம்பன்றி கரம்பும். மீதி மண்ணுக்கு.

இதில் பாறுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிணந்தின்னிக் கழுகு என்று நாம் முகம் சுளிக்கிற பறவைதான் பாறு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டின் உடல் வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து நாடு முழுவதும் அவற்றை அழித்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். தென்னிந்தியாவில் பாறு இன்னும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறுகள் கூடு வைத்திருக்கின்றன. மருந்து படாத இறைச்சி அவற்றுக்கு எங்கே கிடைக்கும்? புலியும் செந்நாயும் விட்டுப்போன காட்டு விலங்கின் உடலில்தான்.

இதே இடத்தில்தான் மிகப்பெரிய ஆபத்தும். காட்டோரத்தில் மேய்ந்த பசுவைப் புலி அடித்துவிடுகிறது. ஆத்திரத்தில் யாரோ அந்தப் பசுவின் உடலில் வயலுக்குப் போடும் பூச்சிக்கொல்லியான குருணை மருந்தைத் தூவிவிடுகிறார்கள். திரும்பி வந்து தின்ற புலி சாகிறது. அதே உடலில் இறங்கிய பாறுகளும் சேர்ந்து சாகின்றன. அந்தப் பசுக்காரர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. கறவை மாட்டை இழந்தவருக்கு இழப்பீடு மாதக் கணக்கில் இழுத்தடிக்கப்படும்போது, அவரைப் பொறுமையாக இருக்கச் சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? அந்தப் பணம் ஒரு வாரத்துக்குள் கையில் வந்துவிட்டால் பல புலிகள் உயிரோடு இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

புலி வந்தால் காட்டுப்பன்றித் தொல்லை தீருமா?

விவசாயிகள் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி. தீரும் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். காட்டுக்குள் பன்றி பெருகுவதைப் புலி ஓரளவு குறைக்கும். ஆனால் வாழைத் தோட்டத்துக்கும் ஆற்றோரக் கருவேலம் புதருக்கும் பழகிப்போன பன்றியைத் தேடிப் புலி ஊருக்குள் வராது. வரவும் கூடாது.

மனிதரைக் கொன்ற புலியை என்ன செய்வது?

அதை அந்த இடத்திலிருந்து அகற்றியாக வேண்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆளைக் கொன்ற புலியை விட்டுவைத்தால் ஊர் மக்கள் எல்லாப் புலிகளையும் எதிரியாகப் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட.

2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி-23 என்று பெயரிட்ட ஆண் புலி நான்கு பேரைக் கொன்றதாகத் தேடப்பட்டது. உடனே சுட்டுவிடக் கூடாது என்றது சென்னை உயர் நீதிமன்றம். கும்கி யானைகள், நாய்கள், டிரோன், காட்டை நன்கறிந்த பழங்குடியினர் என்று எல்லோரும் சேர்ந்து மூன்று வாரம் தேடி, அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். உடம்பெல்லாம் காயம். காட்டில் வேட்டையாட முடியாமல் போன புலி அது. மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

காட்டில் வாழும் மக்களை வெளியேற்றினால்தான் புலி பிழைக்குமா?

இதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சத்தியமங்கலத்தை ஒட்டி, கர்நாடகப் பக்கத்தில் பிளிகிரி ரங்கசாமி மலை இருக்கிறது. 2011 தொடக்கத்தில் அது புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அங்கே வாழும் சோளகர் பழங்குடியினருக்கு, காட்டை ஊராகச் சேர்ந்து பயன்படுத்தும் சமூக வன உரிமையும் கிடைத்தது. நாட்டில் ஒரு புலிகள் காப்பகத்துக்குள் அப்படி உரிமை கிடைத்தது அதுவே முதல்முறை. சோளகர்கள் புலியை ஹுலிவீரப்பா என்று தெய்வமாகக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் இருக்கும் காட்டில்தான் புலியும் இருக்கிறது. எங்கள் காரையாற்றுக் காணிப் பழங்குடி மக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஓடை எந்த மாதம் வற்றும், எந்தப் பாறையிடுக்கில் கரடி கிடக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வேட்டைத் தடுப்புக் காவலர்களாக இரவும் பகலும் நடக்கிறவர்களில் பலர் பழங்குடி இளைஞர்கள்.

விருப்பப்பட்டு, உரிய நிலமும் பணமும் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் வரட்டும், அது வேறு. புலியின் பெயரைச் சொல்லி யாரையும் விரட்டினால் அது புலிக்கும் நல்லதல்ல.

காடு பச்சையாகத்தானே இருக்கிறது? அப்புறம் என்ன கவலை?

பச்சை எல்லாம் காடல்ல. முதுமலையில் சாலையோரம் முழுக்க உண்ணிச்செடி அழகாகப் பூத்து நிற்கும். அதன் அடியில் புல் முளைக்காது. மஞ்சள் பூ பூக்கும் வெளிநாட்டுச் சீமைக்கொன்றையும் அப்படித்தான். புல் போனால் மான் போகும், மான் போனால் புலி போகும். சீமைக்கொன்றையை வெட்டி அகற்றிக் காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலை இப்போது நடக்கிறது. வேகம் போதாது.

வெப்பமயமாதலுக்கும் புலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் புலிகள் காப்பகங்களை அவற்றைப் போன்ற, ஆனால் காப்பகம் ஆகாத காடுகளோடு ஒப்பிட்டது. 2007 முதல் 2020 வரை காப்பகங்கள் தடுத்த காடழிப்பு சுமார் 58 சதுர கிலோமீட்டர். அதனால் காற்றில் கலக்காமல் நின்ற கார்பன் டை ஆக்சைடு 10 லட்சம் டன்னுக்கு மேல். எல்லாக் காப்பகங்களும் ஒரே அளவு நன்றாகச் செய்யவில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

மிருகக்காட்சி சாலையில் வளர்த்துப் பெருக்கிக்கொண்டால் ஆகாதா?

கூண்டுப் புலிக்கு வாரம் ஓர் இரை அடிக்கத் தெரியாது. இரண்டு வயதுவரை தாயோடு அலைந்து கற்க வேண்டிய பாடம் அது. வண்டலூரில் குழந்தைகள் ஆசையாகப் பார்க்கும் வெள்ளைப் புலிகளும் தனி இனமில்லை. 1951இல் ரேவா காட்டில் பிடித்த ஒரே வெள்ளைக் குட்டியின் வம்சத்தைச் சொந்தத்துக்குள்ளேயே கூட்டிப் பெருக்கியவை.

எண்ணிக்கைதான் கூடிவிட்டதே, இன்னும் எதற்கு இத்தனை பேச்சு?

கூடியிருக்கிறது, மகிழ்ச்சிதான். தமிழ்நாட்டில் 2006இல் 76 என்று மதிப்பிட்டார்கள், 2022இல் 306. நாடு முழுவதும் 1,411 ஆக இருந்தது சராசரிக் கணக்கில் 3,682 ஆகியிருக்கிறது. வீரப்பன் காலத்தில் யாரும் நுழையத் தயங்கிய சத்தியமங்கலம் காடு 2013இல் காப்பகமானது. புலிகளை இரட்டிப்பாக்கியதற்காக உலகளாவிய விருதும் அதற்குக் கிடைத்தது.

ஆனால் ராஜஸ்தானின் சரிஸ்காவை மறக்கக் கூடாது. அதுவும் பெயர்பெற்ற காப்பகம்தான். 2005 வாக்கில் போய்ப் பார்த்தால் ஒரு புலிகூட இல்லை. வேட்டைக்காரர்கள் எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள். 2008இல் ரந்தம்போரிலிருந்து ஹெலிகாப்டரில் புலியைக் கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அப்புறம், புலிக்கு ஒரு காடு மட்டும் போதாது. ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்கு நடக்க வழி வேண்டும். திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்தை நிறுத்தியதில் பலருக்குச் சிரமம் என்பது தெரியும். இரவில் அந்தச் சாலையைக் கடக்கிற சிறுத்தையும் மானும் லாரியில் அடிபட்டுச் செத்ததையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

நான் என்ன செய்யலாம்?

எங்கள் ஊர்ப்பக்கம் வருகிறவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வாருங்கள். அது காப்பகத்துக்குள் இருக்கும் கோயில். கொண்டுவரும் பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டுபோங்கள். பாபநாசத்தில் குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றில் விடாதீர்கள். டன் கணக்கில் அள்ள வேண்டியிருக்கிறது. குரங்குக்கும் மிளாவுக்கும் தின்ன எதுவும் போடாதீர்கள்.

முண்டந்துறைக்கு வந்தால் புலியைப் பார்க்கலாமா?

பெரும்பாலும் முடியாது. இங்கே மழைக்காடும் செங்குத்தான மலையும். புலியும் குறைவு, மறைவும் அதிகம். எத்தனையோ முறை போயிருக்கிறேன், ஒருமுறைகூடக் கண்ணில் பட்டதில்லை.

ஒரு தை மாதக் காலையில் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவரோடு ஓடைக்கரையில் நடந்தேன். முன்னால் போனவர் நின்றார். ஈர மணலில் காலடித் தடம். அகலத்தைவிட நீளம் கொஞ்சம் கூடுதல். “பொட்டை, அண்ணாச்சி” என்றார். பத்தடி தள்ளிக் காய்ந்த எச்சம் வெளுத்துக் கிடந்தது. குச்சியால் கிளறினால் மிளாவின் முரட்டு முடி, நடுவில் குளம்பின் ஒரு துண்டு. அப்புறம் ஒரு மரத்தடிக்குக் கூட்டிப்போய், “மோந்து பாருங்க” என்றார். எல்லை காட்டப் புலி பீய்ச்சிவிட்டுப் போன இடம். குனிந்தேன். பாஸ்மதி அரிசி வெந்த வாசனை, அப்படியே. காலையில் சாப்பிடாமல் கிளம்பியிருந்தேன், வாயில் எச்சில் ஊறிவிட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மிளா குரல் கொடுத்தது, ஒரே ஒரு தடவை. காவலர் என் தோளைத் தொட்டு, வந்த வழியே திரும்பச் சொன்னார்.